முதல் நேர்முகத் தேர்வு: கேட்கவும் பழகட்டும்

எஸ்.பி.எம். முடிந்த கையோடு போர்ட் கிள்ளான் பிள்ளைகள் பலர் துறைமுகக் கிடங்குகளில் வேலை தேடுகிறார்கள். 17 வயதில் முதல் நேர்முகத் தேர்வு. மை கார்டு, பள்ளிச் சான்றிதழ் தயார். மலாயில் தன்னைப் பற்றிச் சொல்லவும் பழகியாயிற்று. "இரவு ஷிப்ட் செய்ய முடியுமா?" என்றதும், வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் தலையாட்டி விடுகிறார்கள்.

1966ஆம் ஆண்டு சிறுவர், இளையோர் வேலைவாய்ப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர்களிடம் பொதுவாக இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. 2025 ஆகஸ்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல மட்டும் கற்றுக்கொடுத்தால் போதாது. வேலை நேரம், சம்பளம், ஊழியர் சேமநிதி மூன்றையும் பணிவோடு கேட்கவும் வீட்டிலேயே பழக்குங்கள். பணிவு வேறு, பயம் வேறு.