சம்பளம் கையிலா, கணக்கிலா?

(மும்பை செம்பூரில் நடந்த உறுப்பினர் குடும்பச் சந்திப்பில் ஓர் உறுப்பினர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சென்ற கூட்டம் முடிந்து டிபன் சாப்பிடும்போது ஒரு சின்ன வாக்குவாதம் நடந்தது. வேலைக்காரிக்குச் சம்பளத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுப்பதா, வங்கிக் கணக்கில் போடுவதா என்று. ஒரு மாமி, "நான் ஜிபேதான். சில்லறை தேட வேண்டாம், கொடுத்தேனா இல்லையான்னு சண்டையும் இல்லை" என்றார். இன்னொரு மாமி, "நாலு காசு கையில கொடுத்தாத்தான் அவளுக்குச் சந்தோஷம். பாங்க், கீங்க் எல்லாம் அவளுக்கு என்ன தெரியும்?" என்றார். கேசரி ஆறிப்போகும் அளவுக்கு விவாதம் போயிற்று. கடைசியில் என்னைப் பார்த்து, "நீதான் முப்பத்து மூணு வருஷம் பாங்கில் இருந்தவளாச்சே, அடுத்த கூட்டத்தில் நீயே சொல்லு" என்று முடித்துவிட்டார்கள்.

பாங்கில் இருந்தவள் என்பதால் எனக்கு இந்த விஷயம் தெரியும் என்று நினைத்துத்தான் கூப்பிட்டீர்கள். ஆனால் பாங்கில் இருந்தும் இந்த விஷயத்தில் நான் இரண்டு முறை தவறு செய்தவள். அதைச் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

நம் உறுப்பினர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள். மும்பையில் நாம் பாயி என்கிறோம். டெல்லியில் தீதி, கொல்கத்தாவில் மாஷி. பெயர் எதுவானாலும், காலையில் அந்த மணி அடிக்கவில்லை என்றால் நம் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாரதியாரின் 'கண்ணன் என் சேவகன்' பாட்டு உங்களுக்கெல்லாம் தெரியும். அதில் வருகிற கண்ணனுக்குக் கூலி பெரிதில்லை. நம் வீட்டுக்கு வருபவள் கண்ணன் இல்லை. ஒன்றாம் தேதி வாடகை கட்ட வேண்டிய ஒரு மனுஷி.

எங்கள் வீட்டு பாயி 2009-ல் வேலைக்குச் சேர்ந்தாள். பாத்திரம், பெருக்கித் துடைப்பது, துணி. 2014-ல் சம்பளம் 2,500 ரூபாய். ஐந்து ஐந்நூறு ரூபாய் நோட்டாகக் கவரில் போட்டு, ஸ்வாமி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். அவள் எடுத்துக்கொள்வாள். இது எனக்கும் சௌகரியம், அவளுக்கும் சௌகரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மறுநாள் வங்கிகள் பொதுமக்களுக்குத் திறக்கவில்லை. ஆனால் நாங்கள் போயாக வேண்டும். நான் கிளம்பிக்கொண்டிருந்தபோது பாயி வந்து, சமையலறைக் கதவை லேசாகச் சாத்திவிட்டு, இடுப்பிலிருந்து ஒரு துணிப் பையை எடுத்தாள். உள்ளே 31 ஐந்நூறு ரூபாய் நோட்டுகள். நான் கொடுத்த ஐந்தில் மாதம் ஒன்று எடுத்து வைத்திருக்கிறாள். முப்பத்தொரு மாதம். 15,500 ரூபாய். அவள் புருஷனுக்குத் தெரியாது. அரிசி டப்பாவுக்கு அடியில் இருந்ததாம்.

"பாபி, இதை மாற்றிக் கொடுங்கள். யாருக்கும் தெரிய வேண்டாம்" என்றாள்.

அப்போது கவுண்டரில் அடையாள அட்டையைக் காட்டி 4,000 ரூபாய் வரைதான் மாற்றிக்கொள்ளலாம். மீதியைக் கணக்கில்தான் போட வேண்டும். என் கணக்கிலேயே போட்டு மெதுவாக எடுத்துத் தருகிறேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் பிறர் பணத்தை நம் கணக்கில் போடாதீர்கள் என்று கவுண்டரில் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவள் நான். "உனக்குத்தான் ஜன்தன் கணக்கு இருக்கிறதே, அதில் போடு" என்றேன். அவளுக்குக் கணக்கு இருந்தது வாஸ்தவம். 2014-ல் அந்தத் திட்டம் வந்தபோது வரிசையில் நின்று திறந்தது. ஆனால் பாஸ்புக் புருஷனின் பெட்டியில். கணக்கோடு இணைத்த மொபைல் நம்பரும் அவனுடையது.

வேறு வழியில்லை. எட்டு நோட்டுகளை ஒரு நாள் முழுக்க வரிசையில் நின்று மாற்றிக்கொண்டாள். மீதி 23 நோட்டுகளைக் கணக்கில் போட்டாள். சாயங்காலமே அவன் போனுக்குச் செய்தி போய்விட்டது. அன்றிரவு அந்த வீட்டில் என்ன நடந்தது என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. 11,500 ரூபாயும் அவன் தம்பி வாங்கிய கடனுக்குப் போயிற்று என்று மட்டும் பிறகு தெரிந்தது.

இது என் முதல் தவறு. முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கவுண்டரில் உட்கார்ந்து சேமிப்பைப் பற்றிப் புத்தி சொன்னேன். ஏழு வருஷம் என் வீட்டுக்குள் வந்து போனவளிடம், "பணத்தை எங்கே வைக்கிறாய்?" என்று ஒரு நாள் கேட்டதில்லை.

அடுத்தது இரண்டாவது தவறு. அந்தக் குற்ற உணர்ச்சியில், இனி ரொக்கமே கிடையாது என்று நானாக முடிவு செய்தேன். 2017 ஜனவரியிலிருந்து சம்பளத்தை நேராக அவள் கணக்கில் போட ஆரம்பித்தேன். நாடே டிஜிட்டலுக்குப் போகிறது, நானும் என் பங்கைச் செய்கிறேன் என்று ஒரு பெருமை வேறு. மூன்று மாதம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாலாவது மாதம் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்: "பாபி, நீங்கள் பணம் போட்டது எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவனுக்குத் தெரிகிறது. கார்டும் அவன் பையில். மூன்று மாதமாக உங்கள் வீட்டில் நான் சும்மா வேலை செய்கிறேன்."

அந்த வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது.

சபையோர்களே, ரொக்கமாகக் கொடுத்தபோது மாதம் ஒரு நோட்டாவது அவளுடையதாக இருந்தது. நான் 'முறைப்படி' கொடுக்க ஆரம்பித்ததும் அதுவும் போயிற்று. ஆகவே, ரொக்கம் பழைய பழக்கம், வங்கி நவீனம், அதனால் வங்கியே மேல் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கணக்கு யார் பெயரில், செய்தி யார் போனுக்கு, கார்டு யார் கையில் என்ற மூன்று கேள்விகளுக்கும் "அவள்" என்று பதில் வந்தால்தான் அது அவள் சம்பளம்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு விஷயம் படித்தேன். சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2011-ல் வீட்டு வேலை செய்பவர்களுக்காக 189-ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதி செய்யவில்லை. அதில் சம்பளத்தைப் பற்றி 12-ஆவது பிரிவில் இருப்பது என்ன தெரியுமா? மாதம் ஒரு முறையாவது, நேரடியாக அவர்களிடமே, ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். சட்டமோ ஒப்பந்தமோ வேறு விதமாகச் சொல்லாத இடத்தில், வங்கி வழியாகவோ காசோலையாகவோ கொடுப்பதென்றால் வேலை செய்பவரின் சம்மதம் வேண்டும். சம்மதம் என்ற அந்த ஒரு வார்த்தை எனக்கு முன்பே தெரிந்திருந்தால் அவளுக்கு மூன்று மாதச் சம்பளம் மிஞ்சியிருக்கும்.

சரி, பிறகு என்ன செய்தோம்? இந்தத் தடவை அவளைக் கேட்டேன். அவளே யோசித்துச் சொன்னாள். பாதி கையில் வேண்டும், வாடகைக்கும் சாமானுக்கும். பாதி எங்கேயாவது பத்திரமாக இருக்க வேண்டும். வேறொரு வங்கியில், அவள் பெயரில் மட்டும், குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லாத அடிப்படை சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்தாள். அதற்கு முன்னால் அவள் பெயரிலேயே ஒரு சிம் கார்டு. நான் கூடப் போனேன், ஆனால் கவுண்டரில் பேசியது அவள்தான். பின் நம்பரை எனக்கும் சொல்லாதே என்று கண்டிப்பாகச் சொன்னேன். பாஸ்புக்கை எங்கே வைப்பது என்பதும் அவள் தீர்மானம். எங்கள் வீட்டில் வைக்கட்டுமா என்று கேட்டாள். சரி என்றேன்.

கணக்கு வந்ததில் இன்னொரு லாபம். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்ற விபத்துக் காப்பீட்டுக்கு இப்போது வருஷத்துக்கு 20 ரூபாய். 18 முதல் 70 வயது வரை சேரலாம். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். ஜீவன் ஜ்யோதி பீமா யோஜனா என்ற ஆயுள் காப்பீட்டுக்கு வருஷத்துக்கு 436 ரூபாய். 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும். அதற்கும் 2 லட்சம். இரண்டுக்கும் பணம் வங்கிக் கணக்கிலிருந்துதான் பிடிக்கப்படும். துணிப் பையில் இருக்கும் ரொக்கத்தால் இதில் சேர முடியாது. இரண்டும் சேர்த்து 456 ரூபாய். நம் வீட்டில் ஒரு நாள் ஹோட்டலிலிருந்து டிபன் வரவழைத்தால் ஆகிற செலவு. அதை நாமே கட்டிவிடலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். வாரிசாக யார் பெயர் போடுவது என்பதை மட்டும் அவளிடம் தனியாகக் கேளுங்கள். எங்கள் பாயி பெண் பெயரைப் போட்டாள்.

2020 மார்ச் ஊரடங்கு ஞாபகம் இருக்கும். சொசைட்டி கேட்டுக்குள் பாயி யாரும் வரக்கூடாது. கையில் கொடுத்தே பழகியவர்களில் சிலர், "வந்ததும் சேர்த்துக் கொடுத்துவிடலாம்" என்று விட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் வாடகை காத்திருக்காது. நான் வீட்டில் உட்கார்ந்தபடியே கணக்கில் போட்டேன். அந்த மாதங்களில் அவள் பாதி ரொக்கம் கேட்கவில்லை.

இப்போது மறு தரப்பின் வாதங்களையும் சொல்ல வேண்டும். "கணக்கில் போட்டால் ரேஷன் கார்டு போய்விடும், சலுகை போய்விடும்" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள். அவர்கள் அனுபவத்திலிருந்து வருகிற பயம் அது. "எனக்குக் கையிலேயே கொடுங்கள்" என்று அவள் தெளிவாகச் சொன்னால், கையிலேயே கொடுங்கள். காரணம் சொல்ல வேண்டிய கட்டாயம் அவளுக்கு இல்லை. "பையன் நம்பருக்கு அனுப்புங்கள்" என்று ஒருத்தி சொன்னால் ஒரு நிமிஷம் நிதானியுங்கள். அவன் வீட்டில் இல்லாதபோது, "உனக்குச் சம்மதம்தானா?" என்று கேளுங்கள்.

ரொக்கமாகக் கொடுப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. முதலாவது, நோட்டுப் புத்தகம். ஒன்று நம்மிடம், அதே மாதிரி ஒன்று அவளிடம். தேதி, தொகை, முன்பணம் வாங்கியது, அதில் கழித்தது. எண்கள் அவளுக்குப் புரியும். இரண்டிலும் இருவரும் கையெழுத்து. மாமிகளுக்கும் பாயிகளுக்கும் வருகிற சண்டையில் பாதி, தீபாவளிக்குக் கொடுத்தது போனஸா முன்பணமா என்பதுதான். எழுதிவிட்டால் அந்தச் சண்டை இல்லை.

இரண்டாவதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். கையில் கொடுப்பது என்றால் கையில் கொடுங்கள். மேலேயிருந்து போடுவது, படியில் வைத்துவிட்டு "எடுத்துக்கோ" என்பது, இதெல்லாம் நம் பாட்டி காலத்தில் நாம் பார்த்தது. மடி, ஆசாரம் என்று அதற்குப் பெயர் சொன்னார்கள். நான் கவரை அலமாரிப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனதும் அதன் மிச்சம்தானோ என்று இப்போது தோன்றுகிறது. சௌகரியம் என்று நான் சொல்லிக்கொண்டேன். அவள் தேய்த்த பாத்திரத்தில்தான் ஸ்வாமிக்கு நைவேத்யம் செய்கிறோம். அவள் கையைத் தொட்டுச் சம்பளம் கொடுப்பதில் எந்த ஆசாரமும் கெடாது.

ஆகவே கேள்விக்கு என் பதில் இதுதான். ரொக்கமா கணக்கா என்பதை நாம் தீர்மானிக்க வேண்டாம். இரண்டையும் விளக்கிச் சொல்லி, அவளைத் தீர்மானிக்கச் சொல்லுங்கள். கணக்கு என்றால் அவள் கணக்கு. ரொக்கம் என்றால் அவள் கை. இந்த மாதம் ஒரு தீர்மானம் சொல்லி, ஆறு மாதம் கழித்து அவள் மாற்றிக்கொண்டாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

எங்கள் பாயி இன்றும் வருகிறாள். இப்போது சம்பளம் 5,000. பாஸ்புக் இன்னும் எங்கள் வீட்டில்தான், ஸ்வாமி அலமாரிக்குப் பக்கத்தில், முன்பு நான் கவர் வைத்த அதே இடத்தில். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அதைத் தானே எடுத்துக்கொண்டு போய்ப் பதிந்து வருவாள். போன தடவை வந்து, "பாபி, இது என்ன, நான் போடாத பணம் ஒரு வரி இருக்கிறதே?" என்று கேட்டாள். பார்த்தேன். வட்டி. 112 ரூபாய்.

"யாருக்கும் தெரியாதில்லையா?" என்றாள்.

"உனக்கும் எனக்கும் மட்டும்தான்" என்றேன்.

இன்றைக்கு உங்களிடம் சொல்லலாமா என்று அவளைக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். "பெயர் சொல்லாமல் சொல்லுங்கள்" என்றாள். அப்படியே செய்திருக்கிறேன்.