சீரியலுக்கும் சான்று வேண்டும்



போன மாதம் என் அண்ணன் மகள் போன் செய்தாள். "அத்தை, பாட்டி விடாம பார்ப்பாங்களே கோலங்கள், அது எத்தனை வருஷம் ஓடுச்சு?" என்றாள். கல்லூரியில் ஏதோ எழுதித் தர வேண்டுமாம். பாட்டியைக் கேட்டால் பத்து வருஷம் என்கிறார். அண்ணி ஐந்து என்கிறார். ஒரே வீட்டில், ஒரே பெட்டியின் முன்னால் உட்கார்ந்து பார்த்தவர்கள்!

கோலங்கள் 2003 நவம்பர் 24 அன்று சன் தொலைக்காட்சியில் தொடங்கியது. 2009 டிசம்பர் 4 அன்று முடிந்தது. மொத்தம் 1533 பகுதிகள். அவளிடம் இதைச் சொல்லிவிட்டு, எனக்கே ஒரு சந்தேகம் வந்து காலண்டரை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். தொடங்கிய நாள் திங்கள், முடிந்த நாள் வெள்ளி. நடுவில் 315 வாரம். வாரத்துக்கு ஐந்து நாள் என்றால் 1575 வர வேண்டும். 42 குறைகிறது. பொங்கல், தீபாவளி என்று ஆண்டுக்கு ஏழு நாள் சீரியலை நிறுத்திச் சிறப்பு நிகழ்ச்சி போட்டிருந்தால் ஆறு ஆண்டுக்குச் சரியாக 42. கணக்கு அழகாகப் பொருந்தியது.

ஆனாலும் அந்தப் பண்டிகைக் கணக்கை விக்கிப்பீடியாவில் நான் எழுதக் கூடாது. அது என் ஊகம். எவ்வளவு பொருத்தமான ஊகமானாலும், வேறொருவர் நம்பத்தக்க வெளியீடு ஒன்றில் சொல்லியிருந்தால்தான் கலைக்களஞ்சியத்தில் அதற்கு இடம்.

ஓய்வு நேரத்தில் தமிழ் விக்கிப்பீடியாவில் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிய கட்டுரைகளைத் திருத்துகிறேன். 'போயும் போயும் சீரியலுக்கா?' என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில் இது. பெரியசாமித் தூரன் முன்னின்று தொகுத்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இல் வந்தது, பத்தாவது தொகுதி 1968இல். அப்போது சென்னையில் தொலைக்காட்சி நிலையமே கிடையாது. அது வந்தது 1975இல். ஆகவே தமிழர் வீடுகளில் மாலையும் இரவும் எப்படி மாறின என்பதை எழுதிவைக்கும் வேலை நம் தலைமுறையுடையது. இதை நான் சின்ன வேலையாக நினைக்கவில்லை.

ஒரு சீரியலைப் பற்றி எழுத உட்கார்ந்தால் நம் கை தானாகக் கதையைத்தான் எழுதும். கோலங்களில் அபி யார், அவள் வீட்டில் என்ன நடந்தது, ஆதி என்ன செய்தான்... எழுதிக்கொண்டே போகலாம். கதை வேண்டியதுதான். முடிவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 'மீதியைத் திரையில் காண்க' என்று நிறுத்துவதற்கு இது விளம்பரம் இல்லை. ஆனால் நாலு பத்தி போதும். அதற்குப் பிறகுதான் கட்டுரையே தொடங்குகிறது. இயக்கியவர் திருச்செல்வம், அவரே தொல்காப்பியன் என்ற பாத்திரத்தில் நடித்தார். சினிமாவில் கதாநாயகியாக இருந்த தேவயானி ஏன் சீரியலுக்கு வந்தார்? வசனம் யார், ஒளிப்பதிவு யார்? அலுவலகம் நடத்துகிற ஒரு பெண் ஆறு ஆண்டு நம் கூடத்தில் நடமாடியதைப் பார்த்து அன்றைய பத்திரிகைகள் என்ன எழுதின? பத்து வருஷம் கழித்துப் படிக்கிறவருக்கு இதுதான் தேவைப்படும்.

அந்தப் பத்திரிகைகளிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோலங்களைத் தயாரித்தது விகடன் டெலிவிஸ்டாஸ். ஆகவே விகடன் குழும இதழ்களில் அந்தத் தொடரைப் பற்றி வந்த செய்தி, தயாரிப்பாளர் வீட்டிலிருந்தே வந்த செய்தி. யார் நடித்தார், எப்போது தொடங்கியது என்பதற்கெல்லாம் அது நல்ல சான்று. 'மாபெரும் வெற்றி' என்று சொல்வதற்கு வெளியார் ஒருவர் வாக்கு வேண்டும். கல்யாணத்தில் பெண்ணைப் பற்றிப் பெண் வீட்டாரிடமே விசாரிப்போமா?

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு சங்கடத்தில். வேறொரு பழைய தொடரின் நடிகர் பட்டியலை முழுக்க நினைவிலிருந்தே எழுதிவிட்டேன். மறுநாள் 'சான்று தேவை' என்ற குறிப்பு நின்றது. எனக்குச் சுருக்கென்றது. தினமும் பார்த்த எனக்கா சான்று? உரையாடல் பக்கத்தில் போய்க் கேட்டேன். பொறுமையாகப் பதில் எழுதினார் அந்தக் குறிப்பை இட்ட பயனர். பிறகு தொடரின் பழைய பதிவு ஒன்றைத் தேடிப் பிடித்து, தொடக்கத்தில் ஓடும் பெயர்களை நிறுத்தி நிறுத்திப் படித்தேன். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. ஒரு பெயருக்குப் பத்துத் தடவை நிறுத்தியிருப்பேன். படித்து முடித்தபோது என் பட்டியலில் இரண்டு பெயர் தவறு. அதைவிட, குரல் கொடுத்தவர்கள் பெயரை நான் எழுதவே இல்லை. நாம் பல ஆண்டு கேட்டு அழுத குரல் அவர்களுடையது.

ஓடிக்கொண்டிருக்கும் தொடர்களுக்கு இடைஞ்சல் வேறு வகை. திருச்செல்வம் பின்னர் இயக்கிய எதிர்நீச்சலில் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று காலமானார். பிறகு அந்தப் பாத்திரத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். புதியவர் பெயரைப் போட்டுப் பழையவர் பெயரை எடுத்துவிடுவது சரியல்ல. இரண்டு பெயரும் நிற்க வேண்டும், ஏன் மாறியது என்பதோடு. இதே போல் ஒருவர் உடல்நிலை பற்றி வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்தால், நம்பத்தக்க செய்தி வரும்வரை 'தொகு' என்ற பொத்தானைத் தொடாதீர்கள். அவருக்கும் குடும்பம் இருக்கிறது.

மற்றபடி பயப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாகி நிற்கும். தவறினால் பழைய நிலைக்குத் திருப்பிவிடலாம்.

கடைசியாக ஒன்று. அண்ணன் மகளுக்காக அம்மாவின் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். தேவயானியின் படம் ஒன்று, வார இதழிலிருந்து வெட்டி, சோற்றுப் பசை வைத்து ஒட்டியிருந்தார். பக்கத்தில் பேட்டியின் நாலு வரி. எந்த இதழ், எந்த வாரம் என்று தெரியவில்லை. ஓரத்தில் இருந்ததெல்லாம் கத்தரிக்கோலோடு போய்விட்டது. அந்த நாலு வரியை நான் எங்கும் சான்றாகக் காட்ட முடியாது.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய வார இதழ்கள் இருக்கலாம். எடைக்குப் போடும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தொடர்களைப் பற்றிய பேட்டியோ விமரிசனமோ கண்ணில் பட்டால் எடுத்து வையுங்கள். வெட்டுவதாக இருந்தால், வெட்டும் முன் இதழின் பெயர், தேதி, பக்க எண் மூன்றையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.