செங்கொடி வந்த வழியும் நின்ற இடமும்

(மே தினத்தையொட்டித் தோட்டக் குடும்பங்களின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம்.)



மே தினம் வந்துவிட்டால் நம்ம மலைநாட்டு டவுன்களில் எத்தனை நிறத்துக் கொடி! லொறி வருது, தொப்பி கொடுக்கிறாங்க, சாப்பாட்டுப் பார்சலும் உண்டு. பின்னேரம் லயத்தடியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். சிவப்புக் கொடி முதலில் நம்ம மலைக்கு எப்படி வந்தது, பிறகு ஏன் தூரப் போனது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய பெரியவர்கள் இன்று குறைந்துவிட்டார்கள். ஆகவே அதைப் பற்றிப் பேசலாம் என்று நாங்கள் நினைத்தோம்.

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். தோட்டத்தில் சங்கம் கட்டியது இடதுசாரிகள்தான் முதல் என்று சிலர் மேடையில் பேசுகிறார்கள். அது சரியல்ல. 1931இலேயே கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கிவிட்டார். மனைவி மீனாட்சியம்மாளும் கூடவே தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாடியும் பேசியும் ஆட்களைச் சேர்த்தார். சமசமாஜக் கட்சி பிறந்தது 1935 டிசம்பரில்தான்.

அடுத்து வந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. 1936இல் பிரேஸ்கேர்டில் என்று ஒரு வெள்ளைக்கார இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்து, மடுல்கெல்லையில் ஒரு தோட்டத்தில் சின்னதுரை வேலை பழகச் சேர்ந்தார். தொழிலாளி பக்கம் பேசினார் என்று வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவர் நேரே சமசமாஜக் கட்சிக்குப் போய்விட்டார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் ஏறி, துரைமாரின் கொடுமையை ஒரு துரையே சொன்னால் எப்படி இருக்கும்! துரைமார் சங்கத்துக்குத் தூக்கம் போய்விட்டது. நாட்டை விட்டு வெளியேற்ற தேசாதிபதி கட்டளை போட்டார். ஆள் மறைந்துவிட்டார். கடைசியில் மே 18ஆம் திகதி உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டளை செல்லாது என்று சொல்லி விடுவித்தது. துரைக்கு மேலேயும் ஒரு சட்டம் இருக்கிறது என்று நம்ம பாட்டன்மார் கண்டது அப்போதுதான்.

அதற்குப் பிறகு வந்தது முல்லோயா. இது வேடிக்கையில்லை. ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள அந்தத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணை ஆணைக்குழு வைத்தார்கள். கோவிந்தனின் மனைவிக்காக அங்கே வாதாட வந்தவர் சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

அதே ஆண்டு மே மாதம் பதுளைப் பக்கம் வேவெஸ்ஸைத் தோட்டத்தில் நடந்ததை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். தொழிலாளர்கள் தாங்களே வாக்குப் போட்டு ஒரு கவுன்சிலைத் தெரிவு செய்தார்கள். அந்தக் கவுன்சிலோடு கலந்து பேசித்தான் நடப்பேன் என்று துரையும் ஒப்புக்கொண்டார். கங்காணிமாரின் பேச்சே சட்டமாக இருந்த காலம் அது! எட்மண்ட் சமரக்கொடி போன்ற தோழர்கள் அந்தப் பக்கம் தங்கி வேலை செய்தார்கள். ஆனாலும் கவுன்சிலில் உட்கார்ந்தது கொழும்புக்காரர் இல்லை, மலையில் வேலை செய்தவர்கள். பொலிஸ் அடக்குமுறையில் அந்தப் போராட்டம் முறிந்தது. ஜூன் மாதம் கட்சித் தலைவர்களைச் சிறையில் அடைத்தார்கள். அவர்கள் விட்டுப்போன இடத்தில் இலங்கை இந்தியன் காங்கிரஸின் சங்கம் வேரூன்றிவிட்டது. சிவப்புக் கொடி மலையில் முதலிடத்தை அதற்குப் பிறகு பிடிக்கவே இல்லை.

ஏன் பிடிக்கவில்லை? தலைவர்கள் சிறை போனதும் வேலை படுத்துவிட்டது என்றால், வேலை அவர்களுடைய தோளில் மட்டும்தான் நின்றது என்று அர்த்தம். நம்ம பாஷையில் எழுதப் படிக்கத் தெரிந்த, லயத்திலேயே பிறந்த தலைவர்களை அவர்கள் போதுமான அளவு வளர்க்கவில்லை என்பது எங்கள் எண்ணம்.

1947 தேர்தலில் இந்தியன் காங்கிரஸ் 7 ஆசனம் எடுத்தது. சமசமாஜக் கட்சி 10, போல்ஷெவிக் லெனினிஸ்ட் கட்சி 5, கொமியூனிஸ்ட் 3. நம்ம வாக்கு பல தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் கைகொடுத்தது. அரசாங்கம் அதைக் கண்டுகொண்டது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது, அடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. பாராளுமன்றத்தில் இடதுசாரிகள் எல்லோரும் அந்தச் சட்டத்துக்கு எதிராக நின்றார்கள். இந்த நன்றியை நாம் மறக்கக் கூடாது. நம்ம ஆட்களில் சிலர் மறந்துதான் பேசுகிறார்கள்.

ஆனால் வாக்கில்லாத தொழிலாளிக்காக எத்தனை வருஷம் ஒரு கட்சி பேசும்? பாராளுமன்றத்துக்குப் போக வேண்டுமென்றால் வாக்குள்ளவனைத்தானே தேட வேண்டியிருக்கிறது. 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி சிறிமாவோ அம்மையாரின் அரசில் சேர்ந்தது. என். எம். பெரேரா நிதி அமைச்சரானார். கொஞ்ச நாளுக்கு முன்னர்தான் எல்லாச் சங்கமும் சேர்ந்து 21 கோரிக்கை என்று கூட்டாகக் கிளம்பியிருந்தார்கள். அமைச்சர் பதவியோடு அது கரைந்து போனது. அதே ஆண்டு ஒக்டோபர் 30இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம். 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்க்கலாமாம். நம்மைக் கேட்டு யாரும் பேசவில்லை. 1948இல் எதிர்த்து நின்ற கட்சி அன்று அமைச்சரவையில் இருந்தது. 1966 ஜனவரியில் தமிழ் மொழி ஒழுங்குவிதிகளுக்கு எதிராக ஊர்வலம் போனபோதும் இடதுசாரிகள் அதில் நின்றார்கள். 1971 கிளர்ச்சிக்கு முன் ஜே.வி.பி. நடத்திய ஐந்து வகுப்புகளில் ஒன்று இந்திய விஸ்தரிப்புவாதம் பற்றியது. அதில் நம்ம தோட்டத் தொழிலாளி வர்க்கத் தோழனாக இல்லை, இந்தியாவின் ஆளாகக் காட்டப்பட்டான்.

இப்போது கொல்வின் அவர்களைத் திரும்பப் பார்ப்போம். 1970இல் அவர் பெருந்தோட்டத் துறை அமைச்சர். கோவிந்தன் குடும்பத்துக்காக வாதாடியவர் கையிலேயே தோட்டங்கள்! 1972இல் காணிச் சீர்திருத்தம், 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசுடைமை. சோஷலிசம் என்றால் முதலாளி போவது, வெள்ளைக்காரக் கம்பனி போனால் விடிவு வரும் என்று நம்பினவர்கள் ஏராளம். நடந்தது என்ன? 1973, 74இல் அரிசி மா கிடைக்காமல் லயங்களில் பட்டினி. எத்தனை குடும்பம் வன்னிப் பக்கம் போனது, எத்தனை குடும்பம் கப்பல் ஏறியது என்று இங்கே இருக்கிற பாட்டிமாரைக் கேளுங்கள். தோட்டத்தை எந்த அமைச்சு வைத்துக்கொள்வது என்ற சண்டையும் சேர்ந்து, 1975 செப்டெம்பரில் சமசமாஜக் கட்சி அரசை விட்டு வெளியேற்றப்பட்டது. 1977 மே மாதம், தோட்டக் காணியைப் பிரிப்பதை எதிர்த்து நின்ற சிவனு லட்சுமணன் டெவனில் பொலிஸ் சூட்டில் இறந்தார். முதலாளி இடத்தில் அப்போது அரசாங்கமே உட்கார்ந்திருந்தது. பிரட்டுக்களம் அதே, தராசு அதே, லயமும் அதே பத்தடி அறைதான்.

ஆகவே, துரை யார் என்பது மட்டுமே கேள்வியில்லை. தராசில் நிறுக்கும்போது எத்தனை கிலோ கழிக்கிறார்கள், எத்தனை கிலோவுக்குப் பேர் போடுகிறார்கள், மழை நாளில் அரைப்பேரா முழுப்பேரா, இதை யார் தீர்மானிப்பது? வேவெஸ்ஸைக் கவுன்சில் அந்த இடத்தில்தான் கை வைத்தது. தேசியமயம் அதைத் தொடவில்லை. 1984 ஏப்ரலில் சங்கங்கள் கூட்டாக நின்றபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் சமசம்பளம் வந்தது. அது கட்சியின் வெற்றி என்பதைவிட, கொழுந்து பறிக்கிற பெண்கள் மலைக்குப் போகாமல் உட்கார்ந்ததன் வெற்றி. அப்படியிருந்தும் தோட்டத் தலைவர் பதவியில் இன்னும் பெரும்பாலும் ஆண்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். சந்தா பெண் கட்டுகிறாள், பேசுவது வேறொருவர்.

1992இல் தோட்டங்களின் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. காணி அரசுடையது, குத்தகை 53 வருஷம். 2021இல் சம்பள நிர்ணய சபை 1000 ரூபாய் என்று போட்டதும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டுவிட்டன. 2024 செப்டெம்பரில் 1350. இதற்கிடையில் இன்னொரு பேச்சு மெல்ல உள்ளே வருகிறது: வெளியார் உற்பத்தி முறை. உனக்கு இத்தனை செடி, நீயே பராமரி, கொழுந்தைக் கம்பனிக்குக் கொடு, கிலோவுக்கு இவ்வளவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சில இடங்களில் கையில் காசு கூடியதாகவும் சொல்கிறார்கள், அதை நாங்கள் மறுக்கவில்லை.

ஆனால் யோசியுங்கள். அப்போது முதலாளி யார்? நீங்கள் தொழிலாளியா, சின்ன முதலாளியா? ஊழியர் சேமலாப நிதிக்கு யார் கட்டுவது? பிரசவ விடுமுறை கேட்டால் யாரிடம் கேட்பது? பசளைக் கடன் ஏறினால், வருமானம் குறைந்த மாதம் யார் தாங்குவது? செடி உங்களுடையது என்கிறார்களே, காணி உறுதியில் உங்கள் பேர் இருக்கிறதா? முதலாளிக்கு எதிராக எழுந்த பழைய சிவப்புச் சங்கத்துக்கும் இதற்குப் பதில் தெரியாது. முதலாளியே கண்ணுக்குத் தெரியாமல் போகிற காலத்தை அவர்கள் பார்க்கவில்லை.

சில தோட்டங்களில் இந்த முறைக்கு ஒப்பந்தக் கடிதம் ஆங்கிலத்தில் வருகிறது. அப்படி யாருக்காவது கிடைத்திருந்தால் கையெழுத்துப் போடுமுன் ஒரு பிரதி எடுத்து நம்ம நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள். வரி வரியாகத் தமிழில் வாசித்துச் சொல்ல ஆள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கைகாசுக்குப் போகிறவர்கள் பின்னேரம் வரலாம். வீட்டில் பெண்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்கள்தானே செடியோடு இருக்கப்போகிறவர்கள்.