பாம்பனைப் பகலில் பாருங்கள்

(சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியது)



நம் குடியிருப்பிலிருந்து சிலர் ராமேஸ்வரம் போக ஏற்பாடு செய்கிறார்கள். நான் குடும்பத்தோடு போய் வந்தவன் என்பதால் பேசச் சொன்னார்கள்.

செய்யூர்க்காரர்களுக்குக் கடல் புதிதல்ல. முதலியார்குப்பத்தில் படகு உண்டு, ஓதியூர் ஏரியில் பறவைகள் உண்டு. ஆனால் கடலுக்கு மேலே ரயிலில் போவது என்றால் பாம்பன்தான். 1914-ல் திறந்த பழைய பாலத்துக்குப் பக்கத்திலேயே புதிய பாலத்தை 2025 ஏப்ரல் 6-ல் திறந்தார்கள். நீளம் 2 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கப்பல் வந்தால் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் போல அப்படியே மேலே ஏறிவிடும்.

ராமேஸ்வரத்துக்கு நேராகப் போகும் இரவு ரயிலில் பலர் இந்தப் பாலத்தைத் தூக்கத்திலேயே கடந்துவிடுகிறார்கள். அதனால் நாங்கள் செங்கல்பட்டில் இரவு ரயில் ஏறி, மதுரையில் இறங்கி, காலை பாசஞ்சரில் போனோம். இரண்டு பக்கமும் கடல். பகலில் நன்றாகப் பார்க்கலாம்.

நான் செய்த தவறையும் சொல்கிறேன். ஆறு பேருக்கும் ஒரே டிக்கெட் எடுத்தேன். முழங்கால் வலியுள்ள என் அக்காவுக்கு மேல் படுக்கை வந்தது. விழுப்புரம் வரை உட்கார்ந்தே வந்தார். பிறகு ஒரு தம்பி தன் கீழ்ப் படுக்கையைக் கொடுத்தார். மூத்த குடிமக்களுக்கான கீழ்ப் படுக்கை ஒதுக்கீட்டில் ஒரு டிக்கெட்டுக்கு இரண்டு பேர்தான். 60 வயதான ஆண்களும் 45 வயதான பெண்களும் கேட்கலாம். இரண்டிரண்டு பேராக எடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே தொடங்கிவிடும். மூத்தோர் கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நின்றுவிட்டது. முழுக் கட்டணத்துக்கே கணக்குப் போடுங்கள்.

கோவிலோடு திரும்பிவிடாமல் இன்னொரு நாள் தங்குங்கள். தனுஷ்கோடியில் குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். அரிச்சல்முனையில் கடலில் இறங்க வேண்டாம், நீரோட்டம் பொல்லாதது. அங்கே இடிந்து நிற்கும் கட்டடங்கள் வெறும் வேடிக்கைப் பொருள் அல்ல. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் அந்த ஊரும், பயணிகளோடு வந்த ஒரு ரயிலும் போய்விட்டன. பேரப்பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிவிட்டுப் படம் எடுங்கள்.

"அப்புறம் போகலாம்" என்று என் அக்கா பத்து வருஷம் தள்ளிப்போட்டார். பாலத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "முன்னாடியே வந்திருக்கணும்டா" என்றார். முழங்கால் ஒத்துழைக்கும்போதே போய்வாருங்கள்.