விண்ணில் எண்ணும் கருவிகள்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சிறு துணைக்கோள்களில் கதிர்வீச்சை அளக்கும் கருவிகளைப் பற்றிப் பேச விழைகின்றோம். பட்டதாரிகள் நிறைந்த இவ்வவையில் மெட்ரிக் மட்டும் தேறிய யாம் விஞ்ஞானம் பேசப் புகுவது சிலருக்குப் புன்முறுவல் தரலாம். ஆயினும் இரயில்வே அலுவலகத்தில் எண்ணுவதே எம் தொழிலாகையால் துணிந்தோம்.

1958 ஜனவரி 31 அன்று அமெரிக்கர் ஏவிய எக்ஸ்புளோரர்-1 ஏறத்தாழ 14 கிலோ எடையே கொண்டது. அதில் அயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜேம்ஸ் வான் ஆலன் குழுவினர் ஒரு கைகர் எண்ணியை வைத்தனர். அது வாயு நிரம்பிய சிறு குழாய். மின்னூட்டமுள்ள துகள் உட்புகின் ஒரு மின்துடிப்பு எழும். விநாடிக்கு 30 துடிப்பளவில் எதிர்பார்த்தனர். கோள் தாழச் செல்லுங்கால் அவ்வாறே வந்தது. உயரச் சென்றபோதோ, பூஜ்யம்!

கருவி பழுதுற்றதா? அன்றி, அங்கே கதிரே இல்லையா? இரண்டுமன்று. திருவிழா நாளில் நிலைய வாயிலில் நிற்கும் டிக்கட் பரிசோதகரை எண்ணிப் பாருங்கள். ஒரு சீட்டை வாங்கிப் பார்க்க அவருக்கு ஒரு கணமேனும் வேண்டும். ஒருவர்பின் ஒருவராக வந்தால் கணக்குத் தவறாது. ஆயிரம் பேர் ஒரே நெரிசலாய்த் தள்ளிக்கொண்டு வந்தால் அவர் கையில் ஒரு சீட்டும் சேராது. மறுநாள் அக்கணக்கைப் பார்க்கும் எம்போன்ற குமாஸ்தா, 'நேற்று எவருமே வரவில்லை' என்று எழுதிவிடக்கூடும்! கைகர் குழாயும் அத்தகையதே. ஒரு துடிப்புக்குப் பின் அது தேறச் சிறிது நேரம் கொள்ளும். அதற்குள் மேன்மேலும் துகள்கள் விழின், எண்ணத்தக்க துடிப்பே எழாது. குழுவைச் சேர்ந்த கார்ல் மக்கில்வெய்ன் அத்தகைய குழாயை எக்ஸ்-கதிர் முன் வைத்து இதனை மெய்ப்பித்தார். மார்ச் 26-இல் சென்ற எக்ஸ்புளோரர்-3 நாடாப் பதிவுக் கருவியைச் சுமந்தமையால் சுற்று முழுமைக்கும் கணக்குக் கிடைத்தது: எண் ஏறி, பூஜ்யமாகி, மீண்டும் எண்ணாகி இறங்கிற்று. பூமியைச் சூழ்ந்த வான் ஆலன் பட்டைகள் வெளிப்பட்டது இவ்வாறே.

இவ்வெண்ணிக்கையால் ஆவதென்ன? ஒரு துகள் கணிப்பொறியின் நினைவுச் சில்லில் பாய்ந்தால் 0 என்றிருந்தது 1 ஆகலாம். பெருங்கோள்களில் இதனைத் தாங்கவல்ல விலையுயர்ந்த சில்லுகளை வைப்பர். 1999-இல் அளவு வகுக்கப்பெற்ற பத்துச் சென்டிமீட்டர்ப் பெட்டிகளாகிய கியூப்சாட்டுகளிலோ பெரும்பாலும் கடைச் சரக்கே! அவற்றுக்குக் காவல் மிக வேண்டும். இடமும் மின்சாரமும் இல்லை.

இக்குறையைப் பெரிதும் தீர்த்தது, ஐரோப்பிய அணு ஆய்வு நிலையமாகிய செர்னில் உருவான டைம்பிக்ஸ் சில்லு. பக்கத்துக்கு 14 மில்லிமீட்டர். அதனுள் 65,536 நுண்கட்டங்கள். கட்டந்தோறும் தனிக் கணக்கு. ஒரே வாயிலுக்குப் பதில் 65,536 வாயில்கள்! வந்தவர் யாரென்பதையும் அது ஓரளவு கூறும்: எலெக்ட்ரான் நெளிந்த கோடு வரையும், கனத்த துகள் தடித்த புள்ளி இடும். நெரிசல் இதற்கும் உண்டு. தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடும். ஆதலின் 2013-இல் புரோபா-வி கோளில் சென்ற கருவி 20 விநாடி, 0.2 விநாடி, 0.002 விநாடி என மாறி மாறிப் படம்பிடித்தது. இந்த ஏற்பாடு எமக்கு மிகவும் பிடித்தது. நியூட்ரானுக்கு மின்னூட்டமில்லை, அதனைப் பிடிக்கச் சில்லின்மேல் தனிப் பூச்சு வேண்டும்.

மாணவச் செல்வங்கள் ஒன்று கேட்க வேண்டும். 2014-இல் விண்ணேறிய லூசிட் என்னும் டைம்பிக்ஸ் கருவி, இங்கிலாந்தின் கான்டர்பரி நகரப் பள்ளி மாணவர் எண்ணத்தில் உருவானது!

2017 ஜூன் 23-இல் செக் நாட்டின் விசட்லுசாட்-1 என்னும் சிறுகோள் டைம்பிக்ஸைச் சுமந்து நம் பி.எஸ்.எல்.வி. ஏவுகலத்தில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. விடுமுறைக்கு ஊர் செல்லுங்கால், கூடூருக்கும் சென்னைக்கும் இடையே நம்மில் பலர் உறக்கத்தில் கடக்கும் சூலூர்பேட்டைக்குக் கிழக்கே உள்ளது அவ்விடம்.