கண் தெரியாதது கர்மபலனா?

(ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், கண் தெரியாதவர்களும் காது கேளாதவர்களும் கை வழங்காதவர்களும் இணையத்தை உபயோகிப்பதைப் பற்றியதாகும். சுயமரியாதைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கின்றது தோழர்களே!

ஒருவனுக்குக் கண் தெரியவில்லையென்றால் வைதீகர்கள் சொல்லும் காரணம் என்ன? முன்ஜென்ம பாவம் என்பதுதானே! அப்படிச் சொல்லிவிட்டால் மற்றவனுக்கு ஒரு பொறுப்பும் இல்லாமல் போய்விடுகின்றது. காசு பிச்சை போட்டால் போட்டவனுக்குப் புண்ணியமும் சேர்ந்துவிடுகின்றது! அதே சரக்கு இப்போது புதுப் பெயரில் வருகின்றது. 2015-ம் வருஷத்தில் பிரதமர் மோடி அவர்கள், ஊனமுற்றோரை 'திவ்யாங்', அதாவது தெய்வீக அங்கம் உடையவர் என்று அழைக்கலாம் என்றார். பாவி என்கிறார்கள், தெய்வீகம் என்கிறார்கள். மனிதன் என்று மாத்திரம் சொல்ல மனம் வருவதில்லை.

அந்தத் தெய்வீக அங்கம் உடையவர்கள் பாங்கிக் கணக்குத் திறக்கப் போனபோது நடந்ததென்ன? செல்போன் முன் கண்ணைச் சிமிட்டினால்தான் உயிருள்ள ஆள் என்று ஒப்புக்கொள்வோம் என்றார்கள். திராவகம் வீசப்பட்டுக் கண் சிதைந்த பெண் எதைச் சிமிட்டுவாள்? அப்படிப்பட்டவர்களும், பார்வையற்ற ஒருவரும் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 30-4-2025-ல் கோர்ட்டார், இணைய வசதியை அடைவது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு கூறும் உயிர் வாழும் உரிமையைச் சேர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லி, சிமிட்டுவதற்குப் பதில் வேறு வழியும் வேண்டும் என்பது உட்பட 20 உத்தரவுகள் போட்டார்கள். இது பிரார்த்தனையால் வந்ததா, வழக்காடியதால் வந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

கண் தெரியாதவர் எப்படிப் படிப்பார் என்று கேட்பீர்கள். திரையிலுள்ள எழுத்தைக் குரலாக வாசிக்கும் திரைவாசிப்பான் என்னும் கருவி இருக்கின்றது. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்னும் பார்வையற்ற வாலிபர் 2006-ல் எழுதத் தொடங்கிய 'என்விடிஏ' கம்ப்யூட்டருக்கு இன்றும் இலவசமாகக் கிடைக்கின்றது. ஆனால் எழுத்தைப் படத்துக்குள் அடைத்து வைத்தால் அது "படம்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விடும். பொத்தானுக்குப் பெயர் கொடுக்காவிட்டால் "பொத்தான், பொத்தான்" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தமிழை அடித்தால் வெறும் உளறல்தான் கேட்கும். ஆகவே படத்துக்கு நாலு வார்த்தை விளக்கம், வீடியோவுக்குக் கீழே பேச்சின் எழுத்து, கை நடுங்குகிறவருக்கு மவுஸ் இல்லாமலே விசைப்பலகையால் வேலை செய்யும் வழி, இவைதான் வேண்டும். இதற்கான விதிகள் 1999-லேயே வெளியாகிவிட்டன. நம் நாட்டிலும் 2016-ம் வருஷச் சட்டம் இருக்கின்றது.

சிலருக்காக இவ்வளவு செலவா என்கிறார்கள். 2011 ஜனக்கணக்குப்படி இந்தியாவில் ஊனமுற்றோர் 2.68 கோடிப் பேர். இது சிலரா? வீடு கட்டும்போதே வாசல் வைப்பதற்குச் செலவு கொஞ்சம்; கட்டியபிறகு சுவரை இடிப்பதற்குத்தான் செலவு அதிகம். மேலும், கண் மங்கும் வயது நம் எல்லோருக்கும் வரத்தானே போகின்றது!

1924-ல் வைக்கத்தில் நாம் எதற்காகப் போராடினோம்? பொதுத் தெருவில் சிலர் நடக்கக்கூடாது என்றதற்காகத்தானே! இன்று ரேஷன், பரீட்சை, பென்ஷன், பாங்கி எல்லாம் இணையத்தின் வழியாகவும் நடக்கின்றன. அதுவும் பொதுத் தெருவேயாகும். அங்கே தடைப் பலகை கண்ணுக்குத் தெரிந்தது, இங்கே தெரியவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியாக நம் யோக்கியதையையும் சொல்லிவிட வேண்டும். சென்ற மாதம் பார்வையற்ற தோழர் ஒருவர் நம்மிடம், "நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பும் கூட்ட அறிவிப்பெல்லாம் எனக்குப் 'படம்' என்றுதான் கேட்கிறது, எந்த ஊர், என்ன தேதி என்று ஒவ்வொரு தடவையும் யாரையாவது கெஞ்சிக் கேட்கிறேன்" என்றார். நமக்குத் தலை குனிவாய்ப் போய்விட்டது. சுயமரியாதைக் கூட்டத்துக்கு வர ஒரு மனிதனைக் கெஞ்ச வைத்தவர்கள் நாமேயல்லவா?

ஆதலால் தோழர்களே! இன்று முதல் நம் அறிவிப்பு எதுவானாலும் படத்தோடு அதன் வாசகத்தையும் எழுத்தாகவே அனுப்ப வேண்டும். இதற்கு ஒரு காசு செலவில்லை. இதை முதலில் நாம் செய்துவிட்டு, பிறகு சர்க்காரையும் பாங்கிக்காரனையும் தட்டிக் கேட்போம் என்று சொல்லி முடித்துக்கொள்கின்றோம்.