'நடக்க வேண்டும்' என்று சொன்னால் போதுமா?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், மருத்துவத் துறையிலுள்ள பழைய மாணவிகள் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



மருத்துவத் துறைக்குச் சென்ற பழைய மாணவிகள் சார்பில் சில வார்த்தைகள் பேசும்படி கேட்டிருந்தீர்கள். எங்கள் வகுப்பிலிருந்து வைத்தியர்களானவர்கள், தாதியர்களானவர்கள், குடும்பநல உத்தியோகத்தர்களானவர்கள் பலர். எல்லோரும் தொலைபேசியில் கூடிப் பேசித்தான் இந்த உரையைத் தயாரித்தோம். ஆகவே 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

எங்கள் காலத்தில் உடற்பயிற்சிப் பாடம் எடுத்த ரீச்சரை இங்கிருக்கும் பலருக்கு நினைவிருக்கும். பெயர் சொல்லவில்லை, சொன்னால் அவருக்குப் பிடிக்காது. இல்ல விளையாட்டுப் போட்டி வந்துவிட்டால் அணிநடைப் பயிற்சியில் எங்களை வெயிலில் வறுத்தெடுப்பார். சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் மாதாந்தக் கிளினிக்கில் அவர் எங்கள் முன் வந்து அமர்ந்தார். சீனி வருத்தம் வந்து பதினான்கு வருடம். பிரஷரும் இருந்தது, முழங்கால் வலியும் இருந்தது. கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்த்தோம். சீனி அளவு ஏறிக்கொண்டே போயிருந்தது. ஏறத்தாழ ஒவ்வொரு பக்கத்திலும், எங்களில் யாரோ ஒருவருடைய கையெழுத்தில், 'உடற்பயிற்சி பற்றி ஆலோசனை கூறப்பட்டது' என்று எழுதியிருந்தது.

அன்றும் அதையே எழுதப் பேனையை எடுத்தோம். ரீச்சர் கேட்டார்:

"எங்க பிள்ளை நடக்கிறது?"

பிறகு அவரே கணக்குச் சொன்னார். விடியற்காலை ஒழுங்கையில் நாய்கள். எட்டு மணி தாண்டினால் வெயில். பின்னேரம் வீதி முழுக்க மோட்டார் சைக்கிள். கடற்கரைக்குப் போனால் மணலில் கால் புதைந்து முழங்கால் நோகிறது. தனியாக இரண்டு நாள் நடந்தால், 'ரீச்சருக்கு என்ன வருத்தமாம்?' என்று அயல் சனம் வீட்டுக்கே வந்து விசாரிக்கும். "உங்களையெல்லாம் நடக்கப் பழக்கின ஆள் நான். எனக்கு இப்ப நடக்க இடமில்லை" என்றார்.

எங்களிடம் பதில் இருக்கவில்லை. வெளியே வாங்குகளில் இன்னும் எண்பது பேர் காத்திருந்தார்கள். மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்தோம். சென்ற வருடம், செருப்புக் கடித்த ஒரு சிறு புண் ஆறாமல், அவருடைய வலது காலில் இரண்டு விரல்களை எடுக்க வேண்டி வந்தது. அந்தக் கேள்விக்கு அன்றே பதில் தேடியிருந்தால் விரல்கள் தப்பியிருக்கும் என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் தேடவில்லை என்பதை உறுதியாகச் சொல்ல முடியும். இன்றைய உரை அந்தப் பதிலைப் பற்றியது.

இலங்கையில் நிகழும் மரணங்களில் ஐந்தில் நான்குக்கும் மேற்பட்டவை இதய நோய், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் ஏற்படுபவை. 2015இல் நாடளாவிய ரீதியில் எடுத்த கணக்கெடுப்பின்படி, ஆண்களில் பத்துப் பேரில் இருவருக்குச் சற்று மேற்பட்டவர்களே போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். பெண்களிலோ அது ஏறக்குறைய நான்கு பேர். இந்த வேறுபாடு பெண்களின் சோம்பலால் வந்ததல்ல. ரீச்சர் சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள்.

எங்களில் சிலர் தெற்கே இலங்கைத்துறை முகத்துவாரம், ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் பணியாற்றியவர்கள். முன்பு திருகோணமலையிலிருந்து அங்கு போவதென்றால் துறைக்குத் துறை இறங்கிப் பாதையில் ஏறிக் கடக்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. பின் மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. யுத்தத்தாலும் சுனாமியாலும் நொந்த சனத்துக்கு அது பெரும் ஆறுதல். பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரி போகும் தாய்மாருக்கு உயிர்காக்கும் விடயம். ஆனால் தண்ணீருக்கும் விறகுக்கும் சந்தைக்கும் நடந்த கால்கள், முச்சக்கரவண்டியும் குழாய்நீரும் வந்த பின் ஓய்ந்துவிட்டன. பழைய உழைப்புத் திரும்பி வரவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அது தந்த அசைவுக்குப் பதிலாக என்ன வைத்தோம் என்பதே கேள்வி.

நடப்பதால் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். தசை வேலை செய்யும்போது, இன்சுலினின் உதவி குறைவாக இருந்தாலும், இரத்தத்திலுள்ள சீனியைத் தானே இழுத்துப் பயன்படுத்திக்கொள்கிறது. நடந்து முடிந்த பிறகும் பல மணி நேரம் அந்தப் பயன் நீடிக்கும். ஆனால் இரண்டு மூன்று நாளில் கரைந்துவிடும். அதனால்தான் ஒரு நாள் பெரிதாக நடந்துவிட்டு வாரம் முழுவதும் இருப்பதில் பயன் குறைவு. 2020இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலில், நாட்பட்ட நோயுள்ளவர்களுக்கென்றும் தனியாகப் பரிந்துரை சேர்க்கப்பட்டது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. 'வருத்தக்காரர் ஓய்வெடுக்க வேண்டும்' என்ற பழைய எண்ணத்துக்கு இனி இடமில்லை. முழங்கால் தேய்வு உள்ளவர்களுக்குக்கூட முறையான பயிற்சி வலியைக் குறைக்கும்.

சரி, தெரிந்தும் ஏன் நடக்கிறோமில்லை? இதற்கு விடை நம் ஊர் வழியாகவே போகிறது. வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் திருகோணமலையைக் கடந்து, வெருகல் சித்திரவேலாயுதர் கோயிலில் தங்கி, மட்டக்களப்பு நோக்கி நடப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சந்திக் கடைக்குப் போகவே முச்சக்கரவண்டி தேடும் அம்மா ஒருவர் அந்தக் கூட்டத்தில் நடப்பதையும் பார்த்திருக்கிறோம். பக்தி முதற்காரணம், மறுக்கவில்லை. ஆனால் கூடவே புறப்படும் நாள் குறித்திருக்கிறது. பக்கத்தில் நடக்க ஆள் இருக்கிறது. வழியில் தண்ணீர்ப் பந்தல் இருக்கிறது. இரவு தங்கக் கோயில் மண்டபம் இருக்கிறது. ஒருவர் பின்தங்கினால் 'அவவைக் காணேல்லை' என்று தேடக் கூட்டம் இருக்கிறது. அந்த அம்மாவிடம் நாங்கள் கிளினிக்கில் கொடுத்தது 'நடவுங்கோ' என்ற ஒரு சொல் மட்டுமே.

சென்னையில் இதற்கு ஓர் அருமையான உதாரணம் இருக்கிறது. 1990களின் நடுப்பகுதியில் வைத்தியர் வி. மோகன் தலைமையிலான ஆய்வுக் குழு திருமங்கலத்திலுள்ள ஏசியாட் குடியிருப்பிலும், தியாகராய நகரிலுள்ள பாரதி நகரிலும் நீரிழிவு பற்றி ஆராய்ந்தது. ஏசியாட் நடுத்தர வருமானத்தினர் வாழும் இடம். பாரதி நகர் வறியவர்கள் வாழும் இடம். ஆய்வின் முடிவுகளைக் குழுவினர் ஏசியாட் மக்களிடமே எடுத்துச் சொல்லி, விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்தினார்கள். கேட்ட மக்கள் தாங்களே பணம் திரட்டி ஒரு பூங்காவை அமைத்தார்கள். அதற்கு முன் வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதம். பூங்கா வந்தபின் 58.7 சதவீதம். வைத்தியர்கள் அறிவைக் கொண்டுவந்தார்கள், மக்கள் இடத்தை உருவாக்கினார்கள். இரண்டும் சேர்ந்தபோதுதான் கால்கள் நடந்தன.

இந்தக் கதைக்கு இரண்டாம் பாகமும் உண்டு. பத்து வருடம் கழித்து அதே இரண்டு இடங்களிலும் மறுபடி ஆராய்ந்தார்கள். ஏசியாட்டில் நீரிழிவு 12.4 சதவீதத்திலிருந்து 15.4 ஆக உயர்ந்திருந்தது. பாரதி நகரில் அது 6.5 சதவீதத்திலிருந்து 15.3 சதவீதமாகியிருந்தது. இரண்டு மடங்குக்கும் மேல்! பூங்கா ஒன்றுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனாலும் வசதியுள்ள இடத்தில் ஏற்றம் மெதுவாகவும், வசதியில்லாத இடத்தில் வேகமாகவும் இருந்தது என்பதை நாம் மறக்கக்கூடாது. இதற்கு மீண்டும் வருகிறோம்.

இலண்டனிலிருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்குப் 'பார்க்ரன்' தெரிந்திருக்கும். 2004இல் ஒரு பூங்காவில் 13 பேருடன் தொடங்கிய சனிக்கிழமை ஓட்டம் அது. 2018இல் அங்குள்ள குடும்ப வைத்தியர்களின் றோயல் கல்லூரி அதனுடன் கைகோத்தது. இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட வைத்திய நிலையங்கள் தத்தம் நோயாளிகளை அருகிலுள்ள ஓட்டத்துக்கு அனுப்புகின்றன. ஓட வேண்டியதில்லை, நடக்கலாம். நடக்க முடியாதவர்கள் கைதட்டி உதவலாம். கட்டணம் இல்லை.

இனி நம் கல்லூரிக்கு வருவோம். நம்மிடம் ஒரு மைதானம் இருக்கிறது. சுற்றுமதில் இருக்கிறது, நாய் வராது, மோட்டார் சைக்கிள் வராது, வேடிக்கை பார்க்க ஆள் வராது. பிள்ளைகளின் பயிற்சி முடிந்தபின் படலை பூட்டப்படுகிறது. எங்கள் வேண்டுகோள் இதுதான்: செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாட்களும் பின்னேரம் ஐந்து மணி முதல் ஆறு மணி வரை அந்தப் படலை பெண்களுக்காகத் திறந்திருக்கட்டும். மூன்று மணித்தியாலம் என்றால் 180 நிமிடம்; வழிகாட்டல் கேட்கும் அளவு அதில் அடங்கிவிடும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு போய்விடலாம். மார்கழி மழையில் பிரதான மண்டபத்துக்குள் நடக்கலாம். கச்சான் காற்று அனலாக வீசும் நாட்களில் அரை மணி பிந்தித் தொடங்கலாம்.

இதில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு. கல்லூரி இடம் தரட்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிடம் நாங்கள் பேசுகிறோம். அரச வைத்தியசாலைகளில் 2011 முதல் இயங்கிவரும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில் 35 வயது தாண்டியவர்களுக்கு இலவசப் பரிசோதனை உண்டு. அங்கே வருபவர்களுக்கு, 'நடவுங்கோ' என்பதற்குப் பதிலாக, 'செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்குக் கல்லூரிக்கு வாங்கோ, இன்னார் உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பா' என்று சொல்ல முடியும். ஊரிலுள்ள பழைய மாணவிகள் முறை வைத்து இரண்டு பேராக நின்று, வருபவர்களின் பெயரைக் கொப்பியில் பதிய வேண்டும். ஒருவர் இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் தொலைபேசியில் சுகம் விசாரிக்க வேண்டும். சிறிய வேலைதான். ஆனால் இந்தத் திட்டம் நிலைப்பதும் கலைவதும் அந்த ஓர் அழைப்பில்தான் தங்கியிருக்கிறது.

வெளிநாட்டுச் சகோதரிகள் சிலர் உடற்பயிற்சி இயந்திரங்கள் அனுப்பலாமா என்று அன்போடு கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். நம் கடற்காற்றில் இரும்பு எத்தனை மழைக்குத் தாங்கும் என்பது உங்களுக்கும் தெரியும். நிழல் தரும் வேப்பமரங்கள், குடிநீர்க் குழாய், ஒரு கழிப்பறை, இரண்டு மின்விளக்கு, காவலாளிக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு, முதுகு சாயும் கதிரைகள் இருபது. இவை போதும். கதிரை எதற்கு என்றால், காலில் புண்ணோ மரத்துப்போன பாதமோ உள்ளவர்கள் இருந்தபடியே கைகால்களுக்குப் பயிற்சி செய்யலாம்.

பாதுகாப்பும் முக்கியம். முதல் நாளே எல்லோருடைய பாதத்தையும் பார்த்துவிடுவோம். வெறுங்காலுடன் நடக்க அனுமதியில்லை. இன்சுலின் அல்லது சீனியைத் தாழ்த்தும் சில மாத்திரைகள் எடுப்பவர்கள் கைப்பையில் குளுக்கோஸோ இனிப்போ வைத்திருக்க வேண்டும். நெஞ்சு இறுகினால், மூச்சு வாங்கினால், வியர்த்து நடுங்கினால் உடனே நிறுத்திப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். தனியாக வீதியில் நடக்கும்போது இல்லாத காவல் இது.

கடைசியாக, பாரதி நகருக்குத் திரும்புகிறோம். இந்தப் படலை பழைய மாணவிகளுக்கு மட்டும் என்று திறந்தால், நாமும் நம் வசதிக்கொரு பூங்கா அமைத்தவர்கள் ஆவோம். திருக்கடலூரில் மீன் உலர்த்தும் பெண்ணும், சந்தையில் மரக்கறி விற்கும் அம்மாவும், நம் வகுப்பறைகளைக் கூட்டிய அக்காவும், அயலிலுள்ள முஸ்லிம், சிங்களச் சகோதரிகளும் அதே படலையால் உள்ளே வரவேண்டும். சீருடையோடு வந்தவர்களுக்கு மட்டும் நூறு வருடம் திறந்திருந்த இடம் இது. அடுத்த நூறின் தொடக்கத்தில் கொஞ்சம் அகலமாகத் திறப்போம்.

இங்கே வருமுன் ரீச்சரைப் போய்ப் பார்த்தோம். திட்டத்தைச் சொன்னோம். கட்டுப்போட்ட காலைக் கதிரையில் நீட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தவர், "கதிரையில இருந்து செய்யிறவைக்கு ஆர் பயிற்சி சொல்லிக் குடுக்கிறது?" என்று கேட்டார். நாங்கள் யோசித்தோம். "அதை எனக்கு விடுங்கோ" என்றார்.

நிர்வாகக் குழு அடுத்த கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும் என்றும், அதிபர் அவர்கள் அனுமதி தரவேண்டும் என்றும் அன்போடு கேட்டுக்கொள்கிறோம். கொப்பி பதிய முதல் மாதத்துக்கு நாங்கள் நிற்கிறோம்.